முதல் கத்தி எது: பட்டறைக் கத்தியா, கார்பன் கத்தியா, ஸ்டெயின்லெஸ்ஸா?

போன ஆடியில் பத்து நாளுக்குள் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவன் என் மச்சான் மகன். ஆனைமலைப் பக்கம் தென்னையும் ஊடே ஜாதிக்காயும் வைத்திருக்கிறார்கள், படிப்பை முடித்துவிட்டுத் தோப்பையே பார்த்துக்கொள்கிறான். "மாமா, நல்ல கத்தி ஒண்ணு வாங்கணும்ங்க, அப்புறம் ஒண்ணொண்ணா சேக்கலாம்னு இருக்கறேன். எதுல ஆரம்பிக்கறதுங்க?" என்றான். இன்னொருவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் பிரிவைக் கவனிப்பவர். ஞாயிற்றுக்கிழமையானால் காங்கயம் பக்கம் இருக்கும் அவர் அப்பாரு காட்டுக்குப் போய்க் கிளுவை வேலியைச் சரிசெய்வார், வேப்பங்கட்டையில் கரண்டி செதுக்குவார். "கார்பன்ங்கறாங்க, ஸ்டெயின்லெஸ்ங்கறாங்க, டி2ங்கறாங்க, பேசாம நம்ம ஆசாரிகிட்டயே அடிச்சுக்கலாமான்னும் தோணுதுங்கண்ணா" என்றார். இரண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஏன் என்பதை விவரமாக எழுதிவைத்தால் மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் இது.

கத்தி என்று இங்கே சொல்வது மடக்காத கத்தியை. உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, குச்சி சீவ, கயிறு அறுக்க, பட்டை உரிக்க, காய் நறுக்க, தீ மூட்டச் சிராய் எடுக்க என்று தோட்டத்திலும் வெளியிடங்களிலும் கைக்கு உதவும் கத்தி. சண்டைக் கத்தி, குத்துவாள் வகையறா எனக்கு வேண்டாத விஷயம், அவை இதில் வராது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் வேலை. வெளிநாட்டு வீடியோக்களில் கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகைப் பிளக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு நம் பையன்களும் 7 அங்குல அலகு, 5 மி.மீ. கனம் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். நம்முடைய சாளைச் சுவரில் கொடுவாள் தொங்குகிறதே! கிளை தறிக்க, மட்டை வெட்ட, விறகு பிளக்க, இளநீர் சீவ அது இருக்கிறது. அந்த வேலைகளையும் கத்தியே செய்யவேண்டும் என்று கனமாக வாங்கினால், கொடுவாள் அளவுக்கு வெட்டவும் செய்யாது, தக்காளியை ஒழுங்காக நறுக்கவும் செய்யாது. கொடுவாளால் ஆகாத வேலைக்குத்தான் கத்தி. அதற்கு 4 அங்குல அலகு தாராளம், கனம் 2 முதல் 3.5 மி.மீ.க்குள் இருந்தால் போதும்.

இரண்டாவது தோய்ச்சல். அலகில் 1095 என்றும் டி2 என்றும் பொறித்திருப்பது எஃகு வகையின் பெயர், அரிசியின் ரகம் மாதிரி, சோறு எப்படி வெந்தது என்பதை அது சொல்லாது. செந்தணலாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் எஃகு கண்ணாடி போல விறைப்பாகிவிடும், கீழே விழுந்தால் உடையும். அப்புறம் மிதமான சூட்டில் திரும்பக் காட்டி அந்த விறைப்பைக் கொஞ்சம் இறக்கினால்தான் அது கத்தி. எஃகின் விறைப்பை அளக்கும் ராக்வெல் கணக்கில் இந்த அளவுக் கத்திக்கு 56 முதல் 60 வரை நல்ல இடம். அதற்கு ரொம்பக் கீழே இறங்கினால் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, சீக்கிரம் மடங்கும், மேலே ஏறினால் முரட்டு வேலையில் பல் விழும். ஒரே எஃகை இரண்டு பேர் தோய்த்தால் இரண்டு கத்தி வரும். கத்தி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

மூன்றாவது, பிடிக்குள் என்ன இருக்கிறது என்பது. அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை அதே அகலத்தில் ஓடுகிறதா, பாதியில் நிற்கிறதா, எலிவால் மாதிரி ஒடுங்கிப் போகிறதா என்று கேட்க வேண்டும். சீவுவதற்கும் நறுக்குவதற்கும் பாதி ஓடினாலும் போதும், நெம்புவதற்குப் போதாது. (நெம்புவதற்குக் கடப்பாரை வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கத்தியும் வேண்டாம்.)

அப்புறம் துரு. இதில் கத்தியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் நம்மைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்: வேலை முடிந்ததும் துடைத்து வைக்கிற பழக்கம் நமக்கு உண்டா? இருக்கிற ஊர் எது? கரூரும் தாராபுரமும் காய்ந்த காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரல் அடிக்கும் பொள்ளாச்சியும் ஆனைமலையும் வேறு காற்று, வால்பாறையைச் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக, வாங்கிய பிறகு வரும் செலவு. கல், உறை, எண்ணெய், கூரியர், வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்கவரி, அதற்கு மேல் பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டால் அலைச்சல். யார் தீட்டப் போகிறார்கள் என்பதும் இதில்தான் வரும். தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் நல்ல கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் தொழிலில் குறை இல்லை, ஆனால் வேகமாகச் சுற்றும் உலர்ந்த கல்லில் மெல்லிய வாய் நொடியில் நீலம் பாரித்துவிடும். நீலம் பாரித்த இடத்தில் தோய்ச்சல் போயிற்று, அந்த இடத்தைத் தேய்த்து எடுத்தால் ஒழியத் திரும்ப வராது.

## கொல்லப்பட்டறைக் கத்தி

எனக்குப் பிடித்தது இது, அதனாலேயே இதைப் பற்றிக் கண்டிப்பாக எழுதவேண்டியிருக்கிறது.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரமே லாரியில் ஓடுவது, அதனால் நம் பட்டறைகளுக்கு ஸ்பிரிங் பட்டைக்குப் பஞ்சம் இல்லை. அரிவாள், கொடுவாள், கத்தி எல்லாம் பெரும்பாலும் அதில்தான் அடிக்கிறார்கள். ஸ்பிரிங் பட்டையில் கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம். அடி தாங்குவதில் அதற்கு நிகர் அரிது. 1095 எஃகில் 0.95 சதவீதம் கார்பன், அதன் அளவுக்கு மெல்லிய வாய் இதில் நாள்கணக்கில் நிற்காது. கொடுவாளுக்கு இதைவிடப் பொருத்தமான இரும்பு எனக்குத் தெரியவில்லை, சின்னக் கத்திக்கும் தோய்ச்சல் சரியாக அமைந்தால் நல்ல இரும்புதான்.

அந்த "அமைந்தால்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு பட்டறையில் ஆசையாக ஒரு கத்தி அடித்து வாங்கினேன். தண்ணீரில் தோய்த்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாது. வாயிலிருந்து உள்நோக்கி முடி மாதிரி ஒரு கோடு இருந்ததைச் சாணைக் கோடு என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் மாதம் ஒரு வேலமரக் குச்சியைச் சீவும்போது அந்தக் கோட்டிலேயே ஒரு நகத்துண்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. ஸ்பிரிங் எஃகைத் தண்ணீரில் திடீரென்று குளிர வைத்தால் விரிசல் விடும் ஆபத்து உண்டு, எண்ணெயில் தோய்க்க வேண்டும்.

இரண்டாவது கத்திக்கு வேறொரு ஆசாரியிடம் போய், முழு வேலையையும் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். கழித்துப் போட்ட பழைய பட்டையை அவர் எடுக்கவில்லை, வருஷக்கணக்கில் பாரம் தாங்கி வளைந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும் என்று, ஓட்டத்துக்குப் போகாத புதுப் பட்டையின் வெட்டுத்துண்டாக வைத்திருந்தார். சாணைச் சக்கரத்தில் ஒரு நொடி பிடித்துக் காட்டினார், பொறி கிளைவிட்டுப் பூப்பூவாக வெடித்தது. பக்கத்தில் கிடந்த சாதாரண இரும்புக் கம்பியைப் பிடித்தார், அதில் பொறி நீளமாக, வெடிக்காமல் ஓடியது. கார்பன் இருக்கிறதா இல்லையா என்பதற்கு அவருக்கு வேறு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை.

அடித்து உருவாக்கி, அரம் போட்டு, கடைசியில் தோய்ச்சலுக்குக் காய்ச்சும்போது ஆசாரி பட்டறையின் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். வெயில் வெளிச்சத்தில் தணலின் நிறம் தெரியாதாம். நான் ஒரு கம்பியில் காந்தத்தைக் கட்டி எடுத்துப் போயிருந்தேன். அவர் "ஆச்சு" என்று சொன்ன அந்தக் கணத்தில் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன், ஒட்டவில்லை. இரும்பு ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் காந்தத்தை விட்டுவிடும், தோய்ச்சலுக்கு அதற்குச் சற்று மேலே போகவேண்டும். அவர் கண் அதை என் காந்தத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. எண்ணெயில் இறக்கினார், குப்பென்று தீ எழுந்து அடங்கியது, வெளியே எடுத்து அரத்தை வைத்து இழுத்தார், அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் ஒரு பக்கத்தைப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, முதுகை மட்டும் தணலுக்கு மேலே காட்டினார். இரும்பின் மேல் நிறம் நகர ஆரம்பித்தது: முதலில் வைக்கோல், அப்புறம் பழுப்பு, அதைத் துரத்திக்கொண்டு கத்தரிப்பூ, முதுகு ஓரத்தில் மயில்கழுத்து நீலம். வாய்ப்பக்கம் வைக்கோல் நிறம் வந்ததும் சட்டென்று எடுத்துவிட்டார். வாய் விறைப்பாக, முதுகு இளக்கமாக, ஒரே அலகில் இரண்டு பதம். இதைப் பார்த்த பிறகு தொழிற்சாலைக் கத்தியின் மேல் எனக்கிருந்த மயக்கம் கொஞ்சம் இறங்கியது.

செலவைப் பார்த்தால், நான் கொடுத்தது பிடியோடு 800 ரூபாய். மலிவு என்று தோன்றும். உறை கிடையாது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கிக் கொடுத்துத் தைக்க 450 ஆனது. இரண்டு முறை போய்வந்த பெட்ரோல், ஒரு முழு நாள். அட்டையில் அளவு வரைந்து கொண்டுபோகாவிட்டால் கைக்கு வருவது ஒரு குட்டி அரிவாளாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர் கைக்குப் பழகிய வடிவம் அது. பிடிக்குள் போகும் வாலைக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கி, அரக்கு வைத்துப் பூண் போடும் பிடி சித்திரை வெயிலில் மரம் சுருங்கித் தளரும். தளர்ந்த பிடியை வாளித் தண்ணீரில் ஊறப்போடுவது ஊரில் எல்லோரும் செய்வது, அன்றைக்கு இறுகும், உள்ளே வால் துருப்பிடிக்கும். அரக்கை இளக்கித் திரும்ப வைப்பதே சரி.

இது யாருக்கு? ஒரு நல்ல கத்தியைக் குறைந்தது ஒரு வருஷம் பயன்படுத்தி, தானே தீட்டிப் பழகியவருக்கு. வாய் எத்தனை நாள் நிற்க வேண்டும், மடங்குகிறதா உதிர்கிறதா என்பதெல்லாம் கைக்குத் தெரிந்த பிறகு போனால் ஆசாரியிடம் என்ன கேட்பது, வந்ததை எப்படிச் சோதிப்பது என்று தெரியும். தெரியாமல் போனால் நல்லது அமைவது அதிர்ஷ்டம். ஆகவே, எவ்வளவு பிடித்திருந்தாலும், முதல் கத்தியாக இதைச் சொல்லமாட்டேன். இரண்டாவது கத்தியாக அவசியம் சொல்வேன்.

## தொழிற்சாலைக் கார்பன் கத்தி

முதல் கத்தி என்பது அளவுகோல். அது சரியாக இருந்தால்தான் அடுத்து வாங்குவதையெல்லாம் அதோடு ஒப்பிட முடியும், அதனால் தோய்ச்சலில் ஏற்ற இறக்கம் இல்லாத ஒன்றாக அது இருக்கவேண்டும். சுவீடனில் மோரா என்ற ஊரில் செய்யும் மோரா கத்திகளை உலகம் முழுக்கப் புதியவர்களுக்குச் சொல்வது இதற்காகத்தான். அவர்களுடைய கம்பேனியன் வகையில் அலகு 4 அங்குலத்துக்குச் சற்று மேலே, கனம் 2 முதல் 2.5 மி.மீ., பிடி ரப்பர் கலந்த பிளாஸ்டிக், உறையும் பிளாஸ்டிக், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. பார்வைக்கு எலக்ட்ரீஷியன் பையில் கிடக்கும் சாமான் மாதிரிதான் இருக்கும். கையில் எடுத்து ஒரு வேப்பங்குச்சியைச் சீவிப் பார்த்தால் புரியும்.

அதன் வாய் அமைப்பு ஸ்காண்டி எனப்படுவது. அலகின் இரு பக்கமும் தட்டையாக வந்து, கீழே மட்டும் அகலமான ஒரே சரிவாகக் கூராகும். புதிதாகத் தீட்டக் கற்பவருக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது, ஏனென்றால் அந்தச் சரிவைக் கல்லில் படிய வைத்தாலே கோணம் தானாக அமைந்துவிடும், கண்ணால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். மரம் சீவ அருமை. சுரைக்காயோ முட்டைக்கோஸோ நறுக்கினால் ஆப்பு மாதிரி பிளந்துகொண்டு போகும், அது இந்த வடிவத்தின் குறை.

கார்பன் எஃகின் குணத்தை ஓர் எலுமிச்சையை நறுக்கினாலே பார்த்துவிடலாம். புது அலகு, பளிச்சென்று இருக்கும். நறுக்கிவிட்டு இரண்டு நிமிஷம் துடைக்காமல் வைத்தால் சாறு பட்ட இடமெல்லாம் சாம்பலும் நீலமுமாக மேகம் படர்ந்திருக்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பதறிப்போய் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். வேண்டாம். இது துரு அல்ல, நாள்பட நாள்பட இது கருஞ்சாம்பல் பூச்சாகப் படிந்து, சிவப்புத் துரு சீக்கிரம் ஏறாமல் ஓரளவு காக்கும். நம் அம்மிச்சிமார்களின் அருவாமனை அலகு கன்னங்கரேல் என்று இருந்தும் வெங்காயத்தைக் கண்ணீர் வருமுன் அரிந்து தள்ளியதே, அதே கார்பன் இரும்பு, அதே கருப்பு. புளி போட்டுத் தேய்த்து, கழுவி, துடைத்து, சுவரில் சாய்த்து வைப்பார்கள். கார்பன் கத்திப் பராமரிப்பு என்று புதிதாக ஒன்றும் இல்லை, நம் சமையலறையில் இருந்தது, ஸ்டெயின்லெஸ் வந்ததும் மறந்துபோனது.

துடைக்காமல் விட்டால் என்ன ஆகும்? உள்ளங்கை வியர்வை பட்ட இடத்தில் மறுநாள் காலையில் ஆரஞ்சுப் புள்ளி இருக்கும். ஈரத்தோடு உறையில் போட்டு ஐப்பசி மழையில் ஒரு வாரம் மறந்தால் புள்ளி குழியாகும், குழி வாயில் விழுந்தால் அது போகும்வரை தேய்க்க வேண்டும்.

கார்பன் கத்தி யாருக்குச் சரி என்றால், காய்ந்த ஊரில் இருப்பவருக்கு, தீட்டுவதில் ஆசை உள்ளவருக்கு, மரவேலைக்கு அதிகம் பயன்படுத்துபவருக்கு, முக்கியமாகத் துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு. கூடுதல் செலவு ஒரு கல், ஒரு சிறு டப்பா எண்ணெய். இந்தியாவில் இறக்குமதி செய்து விற்பவர்களிடம் வாங்கினால் சுங்கத் தலைவலி அவர்களோடு போகும். கொஞ்சம் விலை கூடினாலும் அதுவே நல்லது.

## தொழிற்சாலை ஸ்டெயின்லெஸ் கத்தி

"ஸ்டெயின்லெஸ்ஸா, அது சமையலறைச் சாமானாச்சே" என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது இருபது முப்பது வருஷத்துக்கு முந்தைய மட்டக் கத்தியைப் பற்றி. மோராவின் ஸ்டெயின்லெஸ் கத்திகளில் வரும் 12சி27 என்ற சுவீடன் எஃகில் கார்பன் 0.6 சதவீதம், துருவைத் தடுக்கும் குரோமியம் 13.5 சதவீதம். நன்றாகக் கூராகும், சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம். அதே அளவு, அதே வடிவத்தில் கார்பன் கத்தியையும் இதையும் மாறி மாறிப் பயன்படுத்தியதில் எனக்குத் தெரிந்த வித்தியாசம் தீட்டும்போதுதான்: வாயோரம் எழும் மெல்லிய பிசிறு இதில் கொஞ்சம் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும், தோல்வாரில் நாலு இழுப்பு கூடுதலாக இழுக்கவேண்டும். அவ்வளவே.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சேலத்தில் உருக்காலை இருப்பதால் "சேலம் ஸ்டீல்" என்றால் நமக்கு ஒரு மரியாதை. சந்தையில் "சேலம் ஸ்டெயின்லெஸ்லயே அடிச்சதுங்க" என்று கத்தி விற்பார்கள். பாத்திரத்துக்குப் போகும் 304 வகை ஸ்டெயின்லெஸ்ஸைக் காய்ச்சித் தோய்த்தால் விறைப்பு ஏறவே ஏறாது, அது பாத்திரத்துக்கென்றே உள்ள எஃகு. அதில் அடித்த கத்தி பளபளக்கும், துருப்பிடிக்காது, இரண்டு நாளில் மழுங்கும். பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். அலகில் ஒட்டவில்லை, அல்லது ஒட்டியும் ஒட்டாமலும் வழுக்குகிறது என்றால் அந்த எஃகு கத்திக்கு ஆகாது. ஒட்டினால் உடனே நல்ல கத்தி என்று அர்த்தமில்லை, அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றுதான் அர்த்தம்.

ஸ்டெயின்லெஸ்ஸும் துருப்பிடிக்கும், தாமதமாகப் பிடிக்கும். தேங்காய்த் தண்ணீரும் வியர்வையும் ஊறிய உறைக்குள்ளேயே கிடந்தால் இதிலும் புள்ளி வரும். ஆனால் நாள் முழுக்கத் தோப்பில் சாரலில் நனைந்து, மாலையில் கழுவ நேரமில்லாமல் மோட்டார் ரூம் மாடத்தில் வைத்துவிட்டு வரும் ஆளுக்கு இது மன்னிக்கும், கார்பன் மன்னிக்காது. ஈரமான ஊர், உணவு வேலை அதிகம், துடைக்கும் பழக்கம் நிச்சயமில்லை, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஸ்டெயின்லெஸ்.

## டி2, டமாஸ்கஸ், பெரிய கத்திகள்

டி2 இப்போது மலிவாக நிறைய வருகிறது. 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். அந்தக் குரோமியத்தில் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்து கடினத் துணுக்குகளாகிவிடுவதால் முழு ஸ்டெயின்லெஸ் ஆகாது, ஈரத்தில் புள்ளி வரும். வாய் நெடுநாள் நிற்கும், அது உண்மை. மழுங்கிய பிறகு சாதாரணக் கார்போரண்டம் கல்லில் மணிக்கணக்கில் தேய்க்கவேண்டி வரும் என்பதும் உண்மை, வைரத்தூள் பதித்த தட்டு வேண்டும், அதன் விலையையும் கத்தியின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது நான்காவது கத்தியாக இருக்கட்டும்.

டமாஸ்கஸ் என்று அலையலையாகக் கோடு போட்டு விற்பது இரண்டு வகை எஃகை அடுக்கி, ஒட்ட அடித்து, அமிலத்தில் காட்டியது. யார் அடித்தது, எந்த எஃகு, எப்படித் தோய்த்தது என்று சொல்லாத மலிவு டமாஸ்கஸ்ஸில் நாம் கோட்டுக்குத்தான் காசு கொடுக்கிறோம். சிலவற்றில் கோடே அச்சுதான், ஓரத்தில் உப்புத்தாள் போட்டால் போய்விடும். பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குப் பேர்வாங்கிக் கொடுத்த உருக்கு தென்னாட்டிலிருந்தும் போனது. நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசை என்ற மண்குடுவையில் எஃகு செய்த தடயங்களும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஈரோட்டிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்வரலாம், கத்தி சேர்க்கிறவர்கள் ஒரு முறையாவது அந்த மண்ணில் நின்று பார்க்க வேண்டும்.

பிடி உள்ளீடற்று, உள்ளே தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் வைத்து, முதுகில் ரம்பப் பல் வைத்து வரும் பெரிய கத்திகளை வாங்காதீர்கள். அலகும் பிடியும் சேரும் இடத்தில் ஒரு மரை மட்டும்தான் இருக்கும், அங்கேதான் உடையும்.

| | பட்டறைக் கத்தி | கார்பன் | ஸ்டெயின்லெஸ் | டி2 |
|---|---|---|---|---|
| தோய்ச்சல் நம்பிக்கை | ஆசாரியைப் பொறுத்தது | உறுதி | உறுதி | கம்பெனியைப் பொறுத்தது |
| துரு | சீக்கிரம் | சீக்கிரம் | தாமதம் | நடுத்தரம் |
| வீட்டில் தீட்டுவது | எளிது | மிக எளிது | எளிது | சிரமம் |
| வாய் நிற்பது | சுமார் முதல் நன்று வரை | நன்று | நன்று | மிக நன்று |
| அடி தாங்குவது | மிக நன்று | நன்று | நன்று | குறைவு |
| கூடுதல் செலவு | உறை, அலைச்சல், ஒரு நாள் | கல், எண்ணெய் | கல் | வைரத் தட்டு |
| எத்தனையாவது கத்தி | இரண்டாவது | முதல் (காய்ந்த ஊர்) | முதல் (ஈர ஊர்) | பிறகு |

## வாங்கிய பிறகு

கல்லுக்கு முன்னால் வாட்டர் பேப்பரில், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளில் ஆரம்பியுங்கள். 400, 800, 1500 எண்களில் ஒவ்வொரு தாள், ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் தொட்டு ஒட்டவைத்தால் அதுவே தட்டையான கல். சரிவைப் படியவைத்து, வாய் முன்னால் போகும்படி, தாளிலிருந்து மெல்லிய சீவல் எடுப்பது போலத் தள்ள வேண்டும். ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தால் மறுபக்கத்தில் பிசிறு எழும். விரல் நுனியை முதுகிலிருந்து வாயை நோக்கி இழுத்தால் பிசிறு நகத்தில் தட்டும் (வாயின் நீளவாட்டில் விரலை ஓட்டாதீர்கள், அறுக்கும்). அடியிலிருந்து முனைவரை ஒரே சீராகப் பிசிறு தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது, இடையில் ஓர் இடத்தில் தட்டாவிட்டால் அங்கே இன்னும் வாய் சேரவில்லை. பிறகு மறுபக்கம். பிறகு அடுத்த எண். கடைசியில் பழைய பெல்ட்டை மரத்தில் ஒட்டி, பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்து, முதுகு முன்னால் போகும்படி இருபது இழுப்பு. தினத்தந்தித் தாள் ஒன்றை ஒற்றைக் கையில் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள், கிழியாமல் சத்தமில்லாமல் இறங்கினால் ஆயிற்று. இதை முதல் மாதத்தில் நாலு முறை செய்தால் கை பழகிவிடும்.

எண்ணெய் என்றதும் எல்லோரும் வீட்டு எண்ணெயைத் தேடுகிறார்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாள்பட்டால் காற்றில் இறுகிப் பிசின் மாதிரி ஒட்டும், வேண்டாம். தேங்காய் எண்ணெய் அன்றாடம் பயன்படும் கத்திக்குப் போதும். மாதக்கணக்கில் வைத்திருக்கும் கத்திக்குத் தையல் மெஷின் எண்ணெய்தான் என் தேர்வு, திருப்பூரில் எந்தச் சந்திலும் கிடைக்கும், காய்ந்து பிசினாகாது. காய் நறுக்கும் கத்தி என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். எதுவானாலும் இரண்டு சொட்டு, துணியில் தொட்டுத் துடைப்பது, ஊற்றுவதல்ல. மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தடவி ஒரு மணி நேரத்தில் மீதியைத் துடைத்துவிட வேண்டும், தடவிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

தோல் உறையில் கத்தியை நிரந்தரமாக வைக்காதீர்கள். எந்தத் தோலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வெளியே போகும்போது மட்டும் உறை, வீட்டில் எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி, டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் யாரையாவது தெரிந்திருந்தால் பொட்டலத்துக்குக் குறைவிருக்காது. சிவப்புப் புள்ளி வந்துவிட்டால் புளிக்கரைசலில் பத்து நிமிஷம், பழைய பல்துலக்கி, கழுவி, அடுப்புச் சூட்டில் லேசாகக் காட்டி உலர்த்தி, எண்ணெய்.

இதோடு சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன, வீட்டு, விவசாயப் பயன்பாட்டுக்கென்று செய்தவை விலக்கு. நாம் பேசும் 4 அங்குலக் கத்தி அந்த அளவுக்குள் வராது, அதற்காக இடுப்பில் சொருகிக்கொண்டு பஸ்ஸிலும் தேர்க்கூட்டத்திலும் போகலாம் என்று இல்லை, போலீஸ் கேட்டால் காரணம் சொல்லவேண்டும். தோட்டத்துக்குப் போகும்போது உறையிலிட்டுப் பையின் அடியில் வையுங்கள். ஆனைமலை, சத்தியமங்கலம் மாதிரியான காப்பகக் காடுகளுக்குக் கத்தியை எடுத்துப் போகவே வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்துமூலம் முன் அனுமதி வேண்டும், அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் கத்தியும் அடக்கம்.

மச்சான் மகனுக்கு ஸ்டெயின்லெஸ் சொன்னேன், வாங்கினான். திருப்பூர்க்காரருக்குக் கார்பன். ஐப்பசி முடிவில் இரண்டு பேரும் கத்தியோடு வீட்டுக்கு வந்தார்கள். தோப்புக் கத்தியில் தென்னங்கறை ஒட்டியிருந்தது, துரு இல்லை, வாய் மட்டும் மழுங்கிக் கிடந்தது, இருவரையும் உட்காரவைத்துக் கண்ணாடித் துண்டில் தீட்ட வைத்தேன். திருப்பூர்க்காரர் கத்தி முழுக்க மழைமேகம் மாதிரி கருத்து, வாய் மட்டும் வெள்ளைக் கோடாக நின்றது, அவர் செதுக்கிய கரண்டி இப்போது எங்கள் வீட்டு ரசச்சட்டியில் கிடக்கிறது. "அண்ணா, இப்ப ஆசாரிகிட்டப் போலாமுங்களா?" என்று கேட்டார். அட்டையில் அளவு வரைந்தாயிற்று: அலகு 4 அங்குலம், கனம் 3 மி.மீ., வால் பிடியின் கடைசிவரை, எண்ணெயில் தோய்ச்சல், வாயில் வைக்கோல் நிறம். கரும்பு வெட்டுக்குக் கொடுவாள் வேலை குவிந்து கிடக்கிறது, தை பிறந்து வாருங்கள் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார்.